திடலை அளந்த பின் சுவர் எழுப்புவோம்

மத்தியப் பள்ளி எதுவும் ஒரே நாளில் முழுமை பெறுவதில்லை. 1963ஆம் ஆண்டில் 20 படைப்பிரிவுப் பள்ளிகளோடு தொடங்கிய கேந்திரிய வித்யாலயங்கள் இன்று ஆயிரத்தைக் கடந்துவிட்டன. புதிய பள்ளி பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பு வரையில், தற்காலிகக் கட்டடத்தில் தொடங்கும்; பின்னர் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறும். வகுப்புக்கு இரு பிரிவுகள் எனக் கொண்டால், தொடக்கத்தில் 10 அறைகள் போதும். பன்னிரண்டாம் வகுப்பை எட்டும்போது 24 அறைகள் வேண்டும். அவற்றோடு ஆய்வகங்களும் நூலகமும் கணினி அறையும் வேண்டும். 2022 முதல் சில பள்ளிகளில் மழலையர்க்கான பால்வாடிகா வகுப்புகளும் சேர்ந்துள்ளன. இவ்வளர்ச்சியைப் புறநகர்ப் பள்ளிகளில்தான் தெளிவாகக் காணலாம். சுற்றியிருந்த வயல்கள் குடியிருப்புகளாக மாற மாற, சேர்க்கை வேண்டி வரும் பெற்றோரின் வரிசையும் நீள்கிறது.

அறைகள் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அவற்றை எங்கே கட்டுவது என்பதில்தான் நாம் கவனம் தவறுகிறோம். நான் பணியாற்றும் அகமதாபாத்தின் புறநகர்ப் பகுதியில், பள்ளி வளாகங்கள் பலவற்றிலும் ஒரே வரலாறு. முதலில் ஒரு தரைத்தளக் கட்டடம். அதனருகே ஒரு மாடிக் கட்டடம். ஆய்வகங்களுக்கெனத் தனிக் கட்டடம். பிறகு வாகனம் நிறுத்துமிடம். ஒவ்வொன்றும் திடலின் ஒரு மூலையைக் கேட்டுப் பெற்றுக்கொண்டது. திடல் மறுத்துப் பேசாது. ஆகவே எல்லோரும் அதனிடமே கேட்கின்றனர்.

சட்டமும் இதற்கு ஓரளவு இடம் தந்துவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தோடு இணைந்த அட்டவணையைப் படித்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 35 மாணவர்க்கு ஓர் ஆசிரியரேனும் வேண்டும். ஓர் ஆசிரியருக்கு ஓர் அறையேனும் வேண்டும். மாணவர் கூடினால் அறையும் கூடியாக வேண்டும் என்பது இதனால் கணக்காகவே நிற்கிறது. விளையாட்டுத் திடலும் அதே அட்டவணையில் இடம்பெற்றுள்ளது; ஆனால் அதன் பரப்பு இவ்வளவு இருக்க வேண்டும் என்று அங்கே குறிக்கப்படவில்லை. எண் உள்ளதற்கும் எண் இல்லாததற்கும் இடையே போட்டி எழுந்தால், அலுவலகக் கோப்பில் எது வெல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

திடல் என்பது விளையாட்டுக்கு மட்டும் உரியது என்று கருதுவோர் கட்ச் மாவட்டத்து அஞ்சார் நகரை நினைவுகூர வேண்டும். 2001 ஜனவரி 26 காலை, குடியரசு நாள் ஊர்வலமாக மாணவர்கள் குறுகிய தெரு ஒன்றில் சென்றுகொண்டிருந்தபோது நிலம் நடுங்கியது. இருபுறமும் இருந்த கட்டடங்கள் அவர்கள்மேல் சரிந்தன. 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் உயிரிழந்தனர். அவர்களுக்கான நினைவிடம் 2022இல் அங்கே திறக்கப்பட்டது. நிலநடுக்கப் பயிற்சியின்போது, அதிர்வு நின்றதும் கட்டடங்களை விட்டு விலகித் திறந்தவெளிக்குச் செல்லுமாறு உங்களுக்குக் கற்பிக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் ஒரே நேரத்தில் இறங்கி வந்தால், அவர்கள் நிற்கத் திறந்தவெளி எங்கே உள்ளது? இரண்டு உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே எஞ்சிய சந்து திறந்தவெளி ஆகாது.

வெப்பமும் இங்கே ஒரு காரணம். 2010 மே மாதத்தின் கொடிய வெப்ப அலைக்குப் பிறகு, 2013இல் இந்நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளத் தனிச் செயல்திட்டம் வகுத்தது. அத்தகைய ஊரில் வேப்பமரங்களை வெட்டி, மண்ணை மூடிச் சிமெண்ட் கற்கள் பதிப்பதை அழகுபடுத்தல் என்று அழைப்பது எனக்கு விளங்கவில்லை.

திடலைக் காக்க வேண்டுமாயின் மேல்நோக்கிக் கட்ட வேண்டும். இதற்கு மறுப்புகள் உண்டு. அவை புறந்தள்ளத் தக்கவை அல்ல. பழைய அடித்தளம் மாடியைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் ஆய்ந்தே சொல்ல முடியும். தாங்காதெனில், பழைய கட்டடத்தை அகற்றி அதே இடத்தில் உயரமாகக் கட்டலாம். செலவு கூடும், கட்டி முடியும் வரையில் பள்ளியைக் காலை, மாலை என இருவேளையாக நடத்தவும் நேரலாம். அத்தொல்லை சில ஆண்டுகளில் தீரும். இழந்த திடலை மீட்பதோ அரிது. சிறுவர்க்கும் நடக்க இயலாதோர்க்கும் தரைத்தளத்தை ஒதுக்கி, மாடிக்குச் சாய்தளமும் அமைத்தால் படியேறும் இடர் பெருமளவு நீங்கும்.

‘வளாகம்’ என்னும் சொல் பழந்தமிழில் சூழப்பட்ட நிலப்பரப்பையே குறித்தது; நாம்தான் அதைக் கட்டடத் தொகுதியாகச் சுருக்கிக்கொண்டோம்.

மாணவர்களே, உங்கள் பள்ளி அலுவலகத்தில் வளாகத்தின் பழைய வரைபடம் இருக்கக்கூடும். முதல்வரின் இசைவு பெற்று அதைப் பாருங்கள். அளவு நாடாவுடன் திடலுக்குச் சென்று, இன்று எஞ்சியுள்ள நீள அகலங்களைக் குறியுங்கள். பரப்பைக் கண்டறிந்து, பள்ளியின் மாணவர் எண்ணிக்கையால் வகுங்கள். ஒருவருக்கு எத்தனை சதுர மீட்டர் என்னும் அவ்வெண்ணைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கடிதமாக எழுதி அனுப்புங்கள். அடுத்த கட்டடத்தின் வரைபடம் குழுவின் முன் விரிக்கப்படும்போது, உங்கள் கடிதமும் அதன் அருகே இருக்கட்டும்.