பழைய பிரதி பரவாயில்லை

2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40 மணிக்கு தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் நின்றது. மீண்டும் தொடங்கியபோது பிற்பகல் 3.45. தொலைத்தொடர்பு இணைப்புகள் தடுமாறியதில் தகவல் சேமிப்பு அமைப்பு சர்வர்களின் கைக்கு எட்டாமல் போனது என்பது சந்தை தந்த விளக்கம். மாற்று மையத்துக்கு ஏன் மாறவில்லை என்று கேட்டது செபி.

நியாயமான கேள்வி. ஆனால் மாற்று மையம் இருந்தால் மட்டும் போதாது. அங்குள்ள பிரதியை நம்ப முடிய வேண்டும்.

வங்கிகளும் சந்தைகளும் முக்கியப் பதிவுகளை இரண்டு இடங்களில் ஒரே சமயத்தில் எழுதுகின்றன. இடையில் உள்ள இணைப்பு அறுந்தால் இரண்டே வழி. வேலையை நிறுத்தலாம். அல்லது ஒரு பக்கம் மட்டும் எழுதி, மாறிய பகுதிகளைக் குறித்துவைத்துப் பிறகு அனுப்பலாம். இதில் பிரதி பழசாகும்.

பழசானால் பாதகமில்லை, முரண்பட்டால்தான் ஆபத்து. ஒருவர் கணக்கில் கழித்த பணம் ஒரு டிஸ்க்கிலும், மற்றவர் கணக்கில் சேர்த்தது வேறு டிஸ்க்கிலும் பதிவாகலாம். முதல் டிஸ்க்கின் நகல் மட்டும் முன்னதாக நின்றால், பிரதியில் பணம் சேர்ந்திருக்கும், கழிந்திருக்காது. எனவே ஒன்று தடுமாறினால், தொடர்புள்ள எல்லா டிஸ்க்குகளின் நகலையும் அதே கணத்தில் நிறுத்த வேண்டும்.

இணைப்பு திரும்பியதும் அவசரம் கூடாது. விடுபட்ட பகுதிகள் எழுதப்பட்ட வரிசையில் வந்து சேர்வதில்லை. நடுவழியில் மீண்டும் அறுந்தால், இருந்த நல்ல பிரதியும் போய்விடும். அதை முதலில் தனியே பத்திரப்படுத்துவதே விவேகம்.

மாற்று மையம் உண்டா என்பதோடு அதிகாரிகள் நின்றுவிடக் கூடாது. இணைப்பை வேண்டுமென்றே துண்டித்துப் பார்த்தீர்களா என்றும் கேட்க வேண்டும்.