வீட்டைக் கணக்கில் எழுதாத வான் வாழ்க்கை

இப்ப ஒரு வகை வீடியோ எங்கட பொடியள், பெட்டையளின்ர கைபேசிகளில் நல்லா ஓடுது. ஒரு பழைய வான். பின் சீற்றுகளைக் கழற்றிப்போட்டு ஒரு மெத்தை. கதவோரம் ஒரு காஸ் அடுப்பு, கூரையில் ஒரு சோலர் தகடு. விடிய எழும்பிக் கதவைத் திறந்தால் ஒரு நாள் கடல், மற்ற நாள் மலை. கடைசி மூன்று நிமிசத்தில் "மாசச் செலவு எவ்வளவு?" எண்டு ஒரு பட்டியல் வரும். எரிபொருள் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, டேட்டா இவ்வளவு. கூட்டிப் பார்த்தால் நகரத்தில் ஒரு அறைக்குக் குடுக்கிற வாடகையோடு கிட்டத்தட்டச் சரி. வாடகை கட்டிக்கொண்டு வேலைக்குப் போறவன் முட்டாள், வானில் ஏறினவன் சுதந்திர மனிதன் எண்டு பார்க்கிறவருக்குத் தோன்றும்.

துணுக்காயில் இருந்துகொண்டு பார்த்தால் அந்தப் பட்டியலில் சில வரிகள் இல்லாதது பளிச்செண்டு தெரியும். போட்ட வரிகள் உண்மையாக இருக்கலாம். போடாத வரிகள்தான் பெரியவை. அவற்றையும் எழுதினால், இந்த மலிவான வாழ்க்கை யாருக்கு மலிவு எண்டது விளங்கும்: வீடும் காணியும் கையில் காசும் ஏற்கனவே இருக்கிறவருக்கு. இவை இல்லாதவர் அதே வீடியோவைப் பார்த்து இறங்கினால் அவருக்குக் கிடைப்பது லீசிங் கடன்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது எண்டு முதலில் பார்ப்பம். 2011இல் ஃபொஸ்டர் ஹன்டிங்டன் என்ற அமெரிக்க இளைஞர் நியூயோர்க்கில் ஒரு பெரிய ஆடை நிறுவனத்தில் செய்த வேலையை விட்டுவிட்டு, 1987ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் வான் ஒன்றில் குடியேறினார். படங்களை 'வான்லைஃப்' என்ற குறிச்சொல்லோடு போட்டார். அது உலகம் முழுக்கப் பரவியது. அதே காலத்தில் அதே அமெரிக்காவின் வீதிகளில் இன்னொரு கூட்டமும் வானுக்குள் வாழ்ந்துகொண்டிருந்தது. 2008 நிதி நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த, ஓய்வுபெறும் வயதைத் தாண்டிய மனிதர்கள். அமேசன் களஞ்சியங்களிலும், சீனிக் கிழங்கு அறுவடையிலும், முகாம் மைதானங்களிலும் பருவத்துக்குப் பருவம் கூலி வேலை செய்துகொண்டு வாகனத்தில் படுத்தவர்கள். ஜெசிக்கா புரூடர் அவர்களைப் பற்றி 2017இல் 'நோமட்லாண்ட்' என்ற புத்தகத்தை எழுதினார். குளோயி ஜாவோ அதைப் படமாக்கினார். 2021இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் அதற்குக் கிடைத்தது. இரண்டு கூட்டத்துக்கும் வான்தான், மெத்தைதான், அடுப்புதான். ஒருவருக்கு அலுத்தால் திரும்பிப் போக இடம் இருந்தது. மற்றவருக்கு இல்லை. செலவுப் பட்டியலில் இந்த வித்தியாசத்துக்கு ஒரு வரியும் இல்லை.

சரி, கொப்பியை எடுங்கோ. வான் கணக்கை மூன்று பத்தியாக எழுத வேணும்.

முதலாவது, வான் நிண்டாலும் ஓடுகிற செலவு. லீசிங் தவணை, காப்புறுதி, வருசா வருசம் புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம். வானை மரத்தடியில் விட்டுவிட்டு நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தாலும் இவை நிற்காது. இலங்கையில் இந்தப் பத்திதான் ஆளை விழுத்தும். 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருசத்தில் இருபது வருசப் பழைய வானும் காணி மாதிரி விலை ஏறியது. ஒரு உதாரணத்துக்கு வைப்பம்: வான் 60 இலட்சம். கையில் 20 இலட்சம் இருக்கு. மிச்சம் 40 இலட்சத்தை வருசத்துக்கு 14 வீத வட்டியில், ஐந்து வருசத்துக்கு லீசிங் எடுத்தால் மாசத் தவணை ஏறக்குறைய 93,000 ரூபா. ஐந்து வருசம் முடியக் கட்டிய தொகை கிட்டத்தட்ட 56 இலட்சம். 40 இலட்சத்துக்கு வட்டி மட்டும் 16 இலட்சத்துக்குக் கிட்ட. இரண்டு, மூன்று தவணை பிந்தினால் வானைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வரும். வான்தான் வீடு எண்டால், அண்டைக்கு வீடும் போச்சு.

இரண்டாவது, ஓடினால் வருகிற செலவு. லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடுகிற வானில் மாசம் 1,500 கிலோமீற்றர் போனால் 150 லீற்றர் டீசல். லீற்றர் 300 ரூபா எண்டு வைத்தாலும் 45,000. இதோடு ஒயில், பிரேக், ரயர். நாலு ரயரும் 40,000 கிலோமீற்றரில் தேயும் எண்டால் உங்களுக்கு அது 27 மாசத்தில் வரும். ஆகவே நாலு ரயரின் விலையை 27ஆல் பிரித்து மாதாமாதம் ஒதுக்க வேணும். எந்த வீடியோவில் ரயருக்குக் காசு ஒதுக்கினதைப் பார்த்தீர்கள்?

மூன்றாவது, எப்ப வரும் எண்டு தெரியாத செலவு. கிளச் போகும். ஹெட் கெஸ்கட் போகும். வானைக் கராஜில் விடுகிற ஒரு கிழமைக்கு நீங்கள் எங்கே படுப்பீர்கள்? அந்த வாடகையும் இந்தப் பத்தியில்தான் வரும்.

தவணையையும் டீசலையும் மட்டும் கூட்டினாலே 138,000. இன்னும் ஒரு நேரச் சோறு உலையில் ஏறவில்லை. காசு முழுவதையும் எண்ணிக் குடுத்து வான் வாங்கினவருக்கு 93,000 என்ற வரி இல்லை. அதனால்தான் அவருடைய பட்டியல் அழகாக இருக்கிறது. அந்த 60 இலட்சம் எங்கிருந்து வந்தது எண்டதை அவர் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

எங்கட ஊர்களில் ஹயர் ஓடுகிற அண்ணைமார் இந்தக் கணக்கைக் கொப்பி இல்லாமலே சொல்லுவினம். மடுவுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் சனத்தை ஏற்றிக்கொண்டு போய், அவை கும்பிட்டு வருமட்டும் சீற்றைச் சரித்துப் படுக்கிறதும் அவைதான். கட்டுநாயக்காவில் விடிய மூன்று மணி விமானத்துக்கு ஆளை இறக்கிவிட்டு, ஹோட்டல் அறைக்குக் காசு குடுத்தால் ஹயரில் மிச்சமில்லை எண்டு வானுக்குள்ளேயே நுளம்புக்கடியில் கண்ணயர்கிறதும் அவைதான். வானில் வாழ்கிறது எப்படி எண்டு கேட்க நல்ல ஆள் அவை. ஆனால் அதை ஒருத்தரும் படம் பிடிக்கிறதில்லை.

எரிபொருள் விலையை நிரந்தரம் எண்டு நம்பிப் போட்ட கணக்கு என்னவாகும் எண்டதையும் நாங்கள் கண்டவர்கள். 2021 டிசம்பரில் ஒட்டோ டீசல் லீற்றர் 121 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 460. மேலே சொன்ன 150 லீற்றருக்கு 18,150 ரூபாவாக இருந்த செலவு ஆறு மாசத்தில் 69,000 ஆனது. காசு இருந்தாலும் டீசல் இல்லை. 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். பத்துக் கிலோமீற்றர் கணக்கில் 200 கிலோமீற்றர். துணுக்காயிலிருந்து கொழும்புக்கு ஒருவழிக்கே காணாது. அந்த மாசங்களில் இலங்கை முழுக்க ஆயிரக்கணக்கானோர் எரிபொருள் நிலைய வரிசைகளில் வாகனத்துக்குள் நாள்கணக்காகச் சாப்பிட்டுப் படுத்து எழும்பினார்கள். வரிசையிலேயே செத்தவர்களும் உண்டு. அதுக்கு ஒருத்தரும் 'வான் வாழ்க்கை' எண்டு பெயர் வைக்கவில்லை.

இனி விடுபட்ட பெரிய வரிக்கு வாறன்: வீடு.

வானில் போகிறவர் தண்ணியை எங்கே நிரப்புகிறார்? உடுப்பை எங்கே தோய்க்கிறார்? காலமை எங்கே போகிறார்? வங்கிக் கடிதம் எந்த விலாசத்துக்கு வருது? வாக்காளர் பட்டியலில் பெயர் எங்கே இருக்குது? கிராம அலுவலர் வதிவிட உறுதிப்பத்திரம் தருகிறது ஒரு வீட்டை வைத்துத்தான், வாகன இலக்கத்தை வைத்து அல்ல. நோய் வந்தால் போய்ப் படுக்கிறது அம்மாவின் வீட்டில். அந்த வீட்டின் கூரையைப் பார்த்து, கிணற்றை இறைத்து, அப்பம்மாவுக்கு மருந்து எடுத்துக் குடுக்கிற ஒருத்தர் அங்கே இருக்கிறார். அநேகமாக அது ஒரு அக்கா அல்லது தங்கச்சி. அவளின் உழைப்பு அந்த மாசச் செலவில் பூச்சியம் எண்டு விழுகிறது. ஒரு வீட்டை வேறொருவர் தாங்கிக்கொண்டிருப்பதால்தான் வானில் போகிறவருக்குச் செலவு குறைகிறது.

வாகனத்துக்குள் குடும்பம் நடத்துவது எங்கட மண்ணுக்குப் புதிது இல்லை. 2008 ஓகஸ்டில் இராணுவம் துணுக்காய்க்குள் வந்தது. அதுக்கு முன்பின்னாக இந்தப் பக்கத்துச் சனம் முழுக்க வெளிக்கிட்டது. ஓட்டைக் கழற்றி, தகரத்தைக் கழற்றி, கதவு நிலையைக் கழற்றி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, அதன் மேலே பிள்ளைகளையும் கிழவன் கிழவியையும் இருத்தி, கிழக்கே கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எண்டு போனது. பெட்டிக்கு மேலே தறப்பாள் கட்டினால் அதுதான் அண்டைக்கு வீடு. நவம்பர் கடைசியில் நிஷா புயல் மழை கொட்டியபோதும் அதுதான் வீடு. டீசலும் பெற்றோலும் தட்டுப்பாடு. மோட்டார் சைக்கிளைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினார்கள். ஒவ்வொரு இடப்பெயர்விலும் பெட்டியில் இருந்த சாமான் குறைந்தது. முள்ளிவாய்க்காலில் பெட்டியும் இல்லை. பிறகு செட்டிகுளம் மெனிக் பாம். 2009 கடைசியில் துணுக்காய்க்குத் திரும்பி வந்த குடும்பங்கள் கூரையில்லாத சுவருக்குள் அதே தறப்பாளைக் கட்டித்தான் தொடங்கின.

எங்கட அப்பா அம்மாமார் பட்ட கஷ்டத்தைச் சொல்லி உங்கட ஆசையை அடக்க நான் இதைச் சொல்லவில்லை. வீடு எவ்வளவு பெறுமதி எண்டதை விலை குடுத்து அறிந்த ஊர் இது. இங்கே இருந்து பார்க்கும்போது வீட்டைச் சிறை எண்டும், வாகனத்தை விடுதலை எண்டும் சொல்கிற பேச்சு சரியாகப் படவில்லை. காணிக்காக வருசக்கணக்கில் வீதியோரம் போராட்டக் கொட்டில் போட்டுக் குந்தியிருந்த கேப்பாப்புலவு மக்களிடம் போய் அந்தப் பேச்சைப் பேச முடியுமோ?

கடனும் எங்களுக்குப் புதிது இல்லை. போர் முடிந்து ஏ9 வீதி திறந்தபோது பைனான்ஸ் கம்பனிகளும் அதே வீதியால்தான் வந்தன. முதலில் மோட்டார் சைக்கிள், பிறகு ஓட்டோ, பிறகு பெண்களுக்கு நுண்கடன். அது எவ்வளவு தூரம் போனதெண்டால், 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்க வேண்டி வந்தது. தாய்மார் கிழமைத் தவணையில் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, இப்ப 'அனுபவம்' எண்ட பெயரில் அதைவிடப் பல மடங்கு பெரிய தவணை அழகான வீடியோவாக வருகிறது.

"அப்ப ஊர் சுத்தக் கூடாதோ?" எண்டு கேட்பீர்கள். கட்டாயம் சுத்த வேணும். வன்னியில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு ஓமந்தைச் சாவடிக்கு அப்பால் இந்தத் தீவில் என்ன இருக்கு எண்டதே தெரியாமல் இருந்தது. பயணம் எங்களுக்கு உரிமை. அதை ஆளுக்கொரு வான் வாங்கித்தான் அனுபவிக்க வேணும் எண்டதைத்தான் நான் மறுக்கிறன். வடக்கு ரயில் பாதை 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் திரும்ப வந்தது. மாங்குளம் சந்தியில் ஏ9 பஸ் இரவும் பகலும் போகுது. மேலே பார்த்த ஒரு மாசத் தவணையை எடுத்து வைத்துக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் மட்டக்களப்பு, பதுளை, மாத்தறை எண்டு எத்தனை கிழமை திரியலாம் எண்டு நீங்களே போட்டுப் பாருங்கோ. வான் வேணும் எண்டால் பத்துப் பேர் சேர்ந்து ஊர் அண்ணை ஒருவரின் வானை மூன்று நாள் ஹயருக்குப் பிடியுங்கோ. அவருக்கும் உழைப்பு, உங்களுக்கும் தவணை இல்லை.

பஸ்ஸில் போகிறதில் உள்ள கஷ்டமும் உண்மை. குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு. பஸ் நிலையத்தில் பூட்டில்லாத கழிப்பறை, இருட்டினால் மாங்குளத்திலிருந்து உள் ஊருக்கு வர வாகனம் இல்லாமை, தனியாக வந்த பெண்ணுக்கு அறை குடுக்கத் தயங்குகிற விடுதி. வானுக்குள் ஒரு கழிப்பறை வாளி வைத்தால் இந்தப் பிரச்சினை வான் வைத்திருக்கிற ஒருத்திக்கு மட்டும் தீரும். பிரதேச சபையிடம் சுத்தமான, பூட்டும் வெளிச்சமும் உள்ள கழிப்பறை கேட்டு வாங்கினால் எல்லாருக்கும் தீரும். போக்குவரத்துச் சபையிடம் கடைசி ரயிலுக்குப் பொருந்துகிற ஒரு மல்லாவி, துணுக்காய் பஸ் கேட்க வேணும். ஒரு வானின் லீசிங் பத்திரத்தில் வைக்கிற கையெழுத்தை அந்தக் கோரிக்கைக் கடிதங்களில் வையுங்கோ.

வீடியோ போடுகிற தம்பி, தங்கச்சிமாருக்கும் ஒரு சொல். தொடர்ந்து போடுங்கோ, இடங்களைக் காட்டுங்கோ. ஆனால் செலவுப் பட்டியல் போடும்போது முழுசாகப் போடுங்கோ. வான் வாங்கின காசு யாருடையது, தவணை எவ்வளவு, ரயருக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், பழுதான கிழமை எங்கே படுத்தீர்கள், வீடியோவால் வருகிற வருமானம் எவ்வளவு. இதெல்லாத்துக்கும் மேலே முதல் வரியில், நீங்கள் திரும்பிப் போகிற வீட்டையும் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவரையும் எழுதுங்கோ. அதைப் பார்த்த பிறகு ஒருவர் வான் வாங்கினால் அது அவர் தெரிந்து எடுத்த முடிவு.