உறங்க ஒரு மாத்திரை

வயிறு கனத்த கர்ப்பிணிக்கு இரவில் உறக்கம் பிடிப்பது அரிது. அவள் புரண்டு புரண்டு படுப்பதைக் காணச் சகியாமல், "மாமியாருக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை அலமாரியில் இருக்கிறதே; அதில் பாதியைக் கொடுத்தால் என்ன?" என்று வீட்டார் யோசிப்பதுண்டு. அந்த யோசனை அன்பில் பிறந்ததே. ஆனால் அன்பு ஒன்றே காவலாகாது என்பதற்கு மேற்கு ஜெர்மனியின் அனுபவம் சாட்சியாக நிற்கிறது.

1957-ஆம் வருஷம் அக்டோபரில் அந்நாட்டுக் க்ரூனென்தால் கம்பெனியார் 'கான்டர்கான்' என்னும் தூக்க மாத்திரையை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். அதில் அடங்கிய மருந்து தாலிடோமைட். மிகவும் சாதுவான மருந்து என்று விளம்பரம் செய்தார்கள். வைத்தியர் சீட்டு இல்லாமலே கடைகளில் கிடைத்தது. மசக்கைக் குமட்டலுக்கும் உகந்ததென்று கர்ப்பிணிகள் உட்கொண்டார்கள். கருவில் கை கால்கள் முளைவிடும் ஆரம்ப வாரங்களில் ஒரே ஒரு மாத்திரை கூடப் பெருங்கேடு விளைவிக்கும் என்பதை அவர்கள் எவ்வாறு அறிவார்கள்? உலகெங்கும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கஹீனமாய்ப் பிறந்தன. 1961 நவம்பரில் ஹாம்பர்க் நகரக் குழந்தை வைத்தியர் விடுகிண்ட் லென்ஸ் எச்சரித்த பிறகே ஜெர்மனியில் விற்பனை நின்றது.

அமெரிக்காவில் நடந்தது வேறு. அனுமதி கோரி 1960-இல் வந்த விண்ணப்பத்தைப் பரிசீலித்தவர் பிரான்ஸிஸ் கெல்ஸி என்ற ஸ்திரீ. கம்பெனியார் எவ்வளவோ அவசரப்படுத்தியும், "போதிய ருசு எங்கே?" என்று கேட்டு அவர் அனுமதி மறுத்தார். அந்த உறுதியினால் எத்தனையோ தாய்மார்கள் தப்பினார்கள். 1962-இல் ஜனாதிபதி கென்னடி அவருக்கு விருதளித்துக் கௌரவித்தார்.

இன்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் தூக்க மாத்திரைகள் தாலிடோமைட் அல்ல. வீண் பீதி வேண்டியதில்லை. ஆயினும் அவற்றுள் டயஸிபாம் போன்றவற்றைப் பிரசவத்தை ஒட்டிய காலத்தில் தொடர்ந்து உட்கொண்டால், பிறக்கும் சிசு துவண்டு கிடக்கலாம்; பால் குடிக்கச் சோம்பலாம்; மூச்சு விடத் திணறலாம். மற்றொன்றும் சொல்ல வேண்டும். நெடுநாளாக மாத்திரை சாப்பிட்டு வரும் ஸ்திரீ, கர்ப்பம் என்று அறிந்தவுடன் பயந்து திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தே. சிலருக்கு வலிப்புக் கூட வரக்கூடும். தொடங்குவதும், குறைப்பதும், நிறுத்துவதும் டாக்டரின் யோசனைப்படியே நடக்க வேண்டும். உறக்கமின்மைக்கு மாத்திரை ஒன்றே வழியன்று. இரத்தச் சோகையோ மனக்கவலையோ அடியில் இருந்தால் அதையல்லவா முதலில் கவனிக்க வேண்டும்?

இத்தகைய மாத்திரைகளைச் சீட்டின்றி விற்கலாகாது என்று நமது தேசத்தில் சட்டம் இருக்கிறது. தெரிந்தவர் என்பதற்காகக் கடைக்காரர் கொடுப்பதும், தெரிந்த கடை என்பதற்காக நாம் கேட்பதும் அச்சட்டத்தை வெறுங் காகிதமாக்கிவிடும். கெல்ஸி அம்மையார் கேட்ட கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் கேட்கத் துணிந்தால், பிறக்கப் போகும் பிரஜைக்கு அதைவிடச் சிறந்த சீர் வேறில்லை.