வழங்கியின் நாடியைப் பார்ப்போம்!



எங்கள் பள்ளிக் கணினிக்கூடத்தின் மூலையில் ஒரு பழைய கணினி பல ஆண்டுகளாக வழங்கியாகப் பணியாற்றி வருகிறது. மாணவர்களின் கட்டுரைகள், கதைசொல்லும் போட்டிக்கான ஒலிப்பதிவுகள், நம் பயிற்சித் தாள்கள் ஆகிய அனைத்தும் அதில்தான் உள்ளன. ஒரு திங்கட்கிழமை காலை, ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஒரு மணி நேரம் தட்டச்சு செய்த கட்டுரைகள் சேமிக்கப்படாமல் மறைந்து போயின. "ஐயா, என் கட்டுரையைக் காணோம்" என்று ஒரு மாணவி கண்கலங்கி நின்றாள். என்னிடம் விடை இல்லை.

"பழைய கணினிதானே, புதிது வாங்கிவிடலாம்" என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் முன்வந்தனர். அவர்களின் நல்லுள்ளத்தைப் போற்றுகிறேன். ஆயினும், நோய் இன்னதென்று அறியாமல் மருந்து வாங்கலாமா?

ஆகவே முதலில் ஒரு கண்காணிப்புப் பலகையை நிறுவினேன். கிளான்சஸ் என்பது பைத்தான் மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள். பயன்படுத்த எளியது. லினக்சில் அதனை நிறுவி வலைமுறையில் இயக்கினால், பள்ளி வலையமைப்பில் உள்ள எந்த உலாவியிலும் 61208ஆம் வாயிலில் பலகை தோன்றும். செயலி, நினைவகம், வன்தட்டு ஆகியவற்றின் நிலையை ஒரே பக்கத்தில் காணலாம். வன்தட்டு 50 விழுக்காட்டைத் தாண்டினால் நீலம், 70ஐத் தாண்டினால் ஊதா, 90ஐத் தாண்டினால் சிவப்பு என நிறமே எச்சரிக்கும்.

பலகை உண்மையைச் சொல்லிற்று. செயலி பெரும்பாலும் ஓய்வாகவே இருந்தது. நினைவகத்திலும் குறையில்லை. வன்தட்டு மட்டும் சிவந்திருந்தது! இரவுதோறும் எடுக்கப்பட்ட காப்புப்படிகளில் பழையவற்றை அழிக்கும்படி நான் அமைக்கத் தவறியிருந்தேன். இடமில்லாத வன்தட்டில் புதிய கட்டுரை எங்ஙனம் பதியும்? பிழை கணினியுடையதன்று; என்னுடையது. பழைய படிகளை நீக்கியதும் வழங்கி மீண்டும் செவ்வனே இயங்கியது. பெற்றோரின் பணமும் மிஞ்சியது. மாணவர்களின் கட்டுரைகள் மட்டும் திரும்பி வரவில்லை.

"ஆசிரியரின் வேலை கற்பித்தல்; இது தொழில்நுட்பரின் வேலை" என்று சிலர் கூறக்கூடும். கருவியைப் பழுதுபார்ப்பது தொழில்நுட்பரின் வேலைதான். ஆனால், மாணவரின் உழைப்பைக் காப்பது யாருடைய கடமை? வருகைப் பதிவேட்டை நாள்தோறும் பார்க்கும் நமக்கு இப்பலகையைப் பார்க்க ஒரு மணித்துளி போதும்.

எனினும் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கடவுச்சொல் இல்லாமல் இப்பலகையை இயக்காதீர்கள். பள்ளிக்கு வெளியே இணையத்திலும் திறந்து வைக்காதீர்கள். வழங்கியில் என்னென்ன இயங்குகின்றன என்பது அயலாருக்குத் தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது, பலகையை நிறுவிவிட்டால் மட்டும் போதாது. அதைப் பார்ப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும். எங்கள் பள்ளியில் இப்பொழுது ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் நாள்தோறும் காலையில் வன்தட்டின் விழுக்காட்டைக் குறிப்பேட்டில் எழுதி வருகின்றனர். கணிதப் பாடத்தில் கற்ற விழுக்காடு அவர்களுக்கு இங்கே பயன்படுகிறது.

பெற்றோர்களே, அடுத்த முறை பள்ளிக்குப் புதிய கணினி வேண்டும் என்று நாங்கள் கேட்டால், "அளந்து பார்த்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்வது எங்கள் கடமை.

சிந்திப்போம், செயல்படுவோம்!