எந்த மனிதன்?

ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாள் கொண்டாடப்படுகிறது. 1973 முதல் நடந்துவரும் விழா அது. நாமும் கன்று நடுகிறோம், சொற்பொழிவு கேட்கிறோம், 'மனிதன் இயற்கையை அழிக்கின்றான்' என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டுகிறோம். கேட்பதற்கு நல்ல வாக்கியந்தான். ஆனால், மனிதன் என்றால் எந்த மனிதன்? ஆலையை உடையவனா, ஆலைப் புகையை உண்பவனா? இருவரையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் குற்றம் எல்லார்க்கும் பொதுவாகிறது. எல்லார்க்கும் பொதுவான குற்றத்துக்கு எவரும் பொறுப்பாளி ஆவதில்லை.

இந்தக் கேள்வியை ஓயாமல் எழுப்பியவர் அமெரிக்கச் சிந்தனையாளர் மர்ரே புக்சின் (1921-2006). வார்ப்பட ஆலையிலும் மோட்டார்த் தொழிற்சாலையிலும் உழைத்த தொழிலாளி அவர். உணவில் கலக்கும் இரசாயனப் பொருள்களைப் பற்றி 1952இலேயே எழுதினார். ரேச்சல் கார்சன் அம்மையாரின் 'மௌன வசந்தம்' வெளிவந்த 1962இல், அதற்குச் சில திங்கள் முன்னரே, சுற்றுப்புறம் நஞ்சாவதைப் பற்றிய அவருடைய நூல் ஒரு புனைபெயரில் வெளிவந்தது. பின்னர் அவர் வகுத்த கொள்கைக்குச் சமூகச் சூழலியல் என்று பெயர். மனிதன் மனிதனை அடக்கி ஆளப் பழகிய பிறகே, இயற்கையையும் அடக்கி ஆளலாம் என்ற எண்ணம் பிறந்தது என்பதே அதன் சாரம். முதல் நோயைத் தீர்க்காமல் இரண்டாம் நோயைத் தீர்க்க இயலாது என்பது அதன் முடிவு.

அந்த நோயை முற்றச் செய்தது முதலாளித்துவம் என்றார் அவர். வளர வேண்டும், இல்லையேல் மடிய வேண்டும். இதுவே சந்தையின் சட்டம். ஒரு முதலாளி நல்லவராகவே இருக்கலாம். ஆற்றைக் கெடுக்க மனம் ஒப்பாதவராகவும் இருக்கலாம். ஆனால் கழிவுநீரைத் தூய்மை செய்யப் பணம் செலவிட்டால் அவருடைய பொருளின் விலை ஏறும். செலவிடாத போட்டியாளர் சந்தையைப் பிடித்துக்கொள்வார். அறவுரையால் மட்டும் இது திருந்துமா?

போபாலை நினைத்துப் பாருங்கள். 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் பூச்சிமருந்து ஆலையிலிருந்து நச்சு வாயு கசிந்தது. செலவைக் குறைப்பதே குறியாக இருந்த ஆலை அது. வாயுவைத் திரவ நிலையில் குளிர்வித்து வைக்கும் இயந்திரம் பல திங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்தழிக்கும் கோபுரமும் இயங்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஆலையை ஒட்டிய குடிசைகளில் வாழ்ந்த ஏழைகள். சிலர் சிக்கனம் செய்தனர், பலர் செத்தனர். இருவரையும் சேர்த்து 'மனிதன்' என்பது நீதியாகுமா?

இமயமலையின் சமோலி மாவட்டத்தில் உழவுக் கருவிகள் செய்ய ஊரார் மரம் கேட்டனர், வனத்துறை மறுத்தது. அதே மரங்களை விளையாட்டுப் பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கியது. 1973இல் ஊரார் திரண்டு தடுத்தனர். அடுத்த ஆண்டு ரேணி என்னும் சிற்றூரில் கௌரா தேவியின் தலைமையில் பெண்களே மரம் வெட்ட வந்தவர்களை மறித்து நின்றனர். இதுவே சிப்கோ இயக்கம். காடு அழிந்தால் வெள்ளமும் மண்சரிவும் யார் வாசலுக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

"முதலாளி இல்லாத சோவியத் நாட்டில் மட்டும் இயற்கை பிழைத்ததா?" என்று நண்பர்கள் வினவலாம். நல்ல கேள்வி. பருத்திப் பாசனத்துக்காக ஆறுகளைத் திருப்பியதால் 1960 முதல் ஆரல் கடல் வற்றத் தொடங்கியது. அங்கே முதலாளி இல்லை. மேலிடத்து ஆணை இருந்தது. கரையோர மீனவரைக் கேட்டவர் இல்லை. ஆகவேதான் உடைமையாளர் மாறினால் போதாது, ஆணையிடும் முறையே மாற வேண்டும் என்றார் புக்சின். ஊர்தோறும் மக்கள் நேரில் கூடி முடிவெடுக்கும் மன்றங்களும், அவற்றின் கூட்டமைப்பும் வேண்டும் என்றார்.

இங்கே நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. நம் ஊர் மன்றத்தில் எல்லாரும் சமமாக அமர முடியுமா? கிராமத்தைப் போற்றிப் பேசியோரை 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கண்டித்தது வீண்பேச்சன்று. சாதி உள்ள ஊரில் ஊர் முடிவு என்பது மேல்சாதி முடிவாகவே இருக்கும். புக்சினின் கொள்கையை நம் மண்ணில் நடுவதானால் சாதி ஒழிப்பை அதனின்று பிரிக்க முடியாது.

தோழர்களே, தொலைவில் போக வேண்டாம். விடுதியில் நாம் எறியும் குப்பையை வெறுங்கையால் பிரிப்பவர் யார்? அடைத்த சாக்கடையைத் திறப்பவர் யார்? விடுதிக் குழுவில் நமக்கு இடம் உண்டு, அவர்களுக்கு உண்டா? அடுத்த ஜூன் 5ஆம் நாள் கன்று நடுவதற்கு முன் அவர்களை அழைத்து நம்முடன் சமமாக அமர்த்துவோம். குப்பை எவ்வளவு, கூலி எவ்வளவு, கையுறை உண்டா இல்லையா என்று அவர்கள் சொல்ல நாம் கேட்போம். பிறகு எல்லாரும் சேர்ந்து முடிவெடுப்போம். கன்றை அதன் பிறகு நடலாம்.