வார் உரசும் இடம்

ஹவுராவில் ரயிலிறங்கிப் பாலம் கடந்து, விக்டோரியா நினைவிடத்தின் எதிரே அலங்காரக் குதிரை வண்டியில் ஏறப்போகிறவர்கள், முதலில் குதிரையின் மார்பில் வார் உரசும் இடத்தைப் பாருங்கள். ஈ உட்கார்ந்தாலே சிலிர்த்து உதறும் தோல் அது. கொல்கத்தாப் புழுக்கத்தில் வியர்வை உலராது. உப்பும் தூசியும் வாருக்கடியில் அரைத்து அரைத்து முடி உதிரும், பிறகு புண். கழுவி, உலர்த்தி, வாரையும் துடைத்து, ஆறும்வரை பூட்டாமல் விட வேண்டும். அதற்கு வண்டிக்காரர் கூலியை இழக்கிறார், அதுதான் சிக்கல். புண்பட்ட விலங்கை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்; வெப்பம் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டக்கூடாது என்கின்றன அதன்கீழ் வந்த 1965 விதிகள். அந்த நேரத்துக்கு நினைவிடத்தை அடுத்த மைதானத்தில் கூரையும் தண்ணீர்த் தொட்டியும், புண் ஆறும் நாள்களுக்கு வண்டிக்காரருக்கு ஈட்டுத்தொகையும் அரசு தரட்டும்.