நடந்தால் வாய் திறக்கும்! பேசினால் பாரம் குறையும்!

மனக்கவலைக்கு வைத்தியம் செய்யும் டாக்டர் என்றதும், எல்லோருக்கும் ஓர் அறைதான் நினைவுக்கு வருகிறது. ஒரு மேஜை. இரண்டு நாற்காலி. மூடிய கதவு. எதிரே உற்றுப் பார்க்கும் ஒருவர்.

அந்த அறையை நினைத்தே பலர் போவதில்லை. கவலையை உள்ளே வைத்துப் புழுங்குகிறார்கள். தூக்கம் போகிறது. பசி போகிறது. தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிறது. வீடு நரகம் ஆகிறது.

அந்தக் கதவைத் திறந்துவிட்டால் என்ன? டாக்டரும் கவலைப்படுகிறவரும் வெளியே வந்து, மர நிழலில் நடந்துகொண்டே பேசினால் என்ன?

பேசலாம். மேல்நாடுகளில் பேசுகிறார்கள். நடந்தபடியே பேசி மனப் பாரத்தை இறக்கும் வைத்தியம் அங்கே நடக்கிறது.

இது நல்ல முறை. நம் ஊரிலும் பரவ வேண்டிய முறை. ஆனால், "நடந்தால் போதும், கவலை பறந்துவிடும்" என்று சொல்வது வேறு. அது தவறு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த கடிதம்!

இந்த முறை புதிது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெரிய மனிதர் இப்படி வைத்தியம் செய்துகொண்டார்.

அவர் பெயர் குஸ்தாவ் மாலர். ஆஸ்திரியா நாட்டின் இசை மேதை. வியன்னா நகரின் அரசவை இசை நாடக அரங்குக்குப் பத்து ஆண்டுகள் தலைவராக இருந்தவர். அவர் கையை அசைத்தால் நூறு வாத்தியங்கள் பேசும். ஆனால் அவர் மனத் துயரத்தைப் பேச ஆள் இல்லை!

1907-ம் ஆண்டு அவருடைய மூத்த மகள் இறந்து போனாள். குழந்தைக்கு வயது நான்கு. அந்தப் புண் ஆறவில்லை. 1910-ம் ஆண்டு கோடைக் காலத்தில் அடுத்த இடி விழுந்தது. வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் மாலரின் பெயர் இருந்தது. பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது, அவருடைய மனைவி ஆல்மாவுக்கு வால்ட்டர் குரோப்பியஸ் என்ற இளைஞர் எழுதிய காதல் கடிதம்!

மாலருக்கு அப்போது வயது 50. மனைவிக்கு வயது 30. மாலர் நிலைகுலைந்து போனார்.

நான்கு மணி நேரம்!

வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டு என்ற டாக்டர் இருந்தார். மனதில் புதைந்து கிடப்பதைப் பேச வைத்தே நோயைத் தணிக்கலாம் என்று சொன்னவர் அவர். அவரைப் பார்க்க மாலர் ஏற்பாடு செய்தார். பிறகு வேண்டாம் என்றார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் வேண்டாம் என்றார். உலகம் புகழும் மேதைக்கும் அந்தத் தயக்கம் இருந்தது!

கடைசியில் துணிந்து ரெயில் ஏறினார். பிராய்டு அப்போது ஹாலந்து நாட்டின் கடற்கரையில் விடுமுறையில் இருந்தார். லைடன் என்ற ஊரில் இருவரும் சந்தித்தார்கள். அது 1910-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம்.

அங்கே மேஜையும் இல்லை. கட்டிலும் இல்லை. இருவரும் ஊருக்குள் நடந்தார்கள். சுமார் நான்கு மணி நேரம் நடந்தார்கள். நடந்தபடியே மாலர் தம் வாழ்க்கையைச் சொன்னார். பிராய்டு கேட்டார். இடையில் கேள்வி போட்டார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு மாலர் தம் மனைவியிடம் அன்பைக் கொட்டிக் கடிதங்கள் எழுதினார். தம்முடைய எட்டாவது சிம்பொனியை அவருக்குக் காணிக்கை ஆக்கினார். அடுத்த மாதமே, மியூனிக் நகரில் அந்த இசை அரங்கேறியது.

நோய் முழுவதும் தீர்ந்ததா? இல்லை. அந்தப் பிற்பகலில் நல்ல பலன் கிடைத்ததாகவே பிராய்டு பின்னாளில் எழுதினார். ஆனால் மாலரின் மனக்கோளாறின் வேர் வரை போனதாக அவர் சொல்லவில்லை. 1911-ம் ஆண்டு மே மாதம் இருதய நோயால் மாலர் இறந்தார். ஒரு நடை, ஒரு முடிச்சைத் தளர்த்தியது. எல்லா முடிச்சையும் அவிழ்க்க ஒரு நடை போதாது.

முகம் பார்க்காத வசதி

நடந்தால் ஏன் பேச்சு வருகிறது?

முதல் காரணம், கண். நாற்காலியில் எதிர் எதிரே உட்கார்ந்தால் முகத்தைப் பார்த்தாக வேண்டும். வெட்கப்பட வேண்டிய விஷயத்தை முகம் பார்த்துச் சொல்ல நாக்கு எழாது. பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது இருவர் கண்ணும் பாதையில் இருக்கும். சொல்வது எளிது.

பல வீடுகளில் இதைப் பார்க்கலாம். வீட்டில் வாயே திறக்காத மனிதர், மைத்துனருடன் டீக்கடைக்கு நடக்கும்போது, கடன் கதை முழுவதையும் சொல்லிவிடுவார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும்.

இரண்டாவது காரணம், மௌனம். அறைக்குள் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் சங்கடம். நடக்கும்போது பேசாமல் இருப்பது சகஜம். அடுத்த வார்த்தை தானாக வரும் வரை காத்திருக்கலாம்.

மூன்றாவது காரணம், உடம்பு. கவலை வந்தால் உடம்பு ஆபத்து என்று நினைத்துக்கொள்கிறது. அட்ரினலின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலக்கிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது. தசைகள் இறுகுகின்றன. இது, நாய் துரத்தினால் ஓடுவதற்காக இயற்கை செய்து வைத்த ஏற்பாடு. வட்டிக் கடை நோட்டீசுக்குப் பயந்து எங்கே ஓடுவது? நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த இறுக்கம் உள்ளேயே நிற்கிறது. நடந்தால் கால் அதைச் செலவு செய்கிறது. மூச்சு சீராகிறது.

மரமும் சாலையும் ஒன்றா?

எங்கே நடப்பது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்து, 2015-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். சோதனைக்கு வந்தவர்கள் 38 பேர். ஒரு பகுதியினரை மரமும் புல்லும் உள்ள இடத்தில் 90 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். மற்றவர்களை வண்டிகள் நெருக்கும் பெரிய சாலை ஓரத்தில் அதே 90 நிமிடம் நடக்கச் சொன்னார்கள்.

மரங்களுக்கு இடையே நடந்தவர்களுக்கு, ஒரே துக்கத்தைத் திரும்பத் திரும்ப அசை போடும் பழக்கம் சற்றுக் குறைந்தது. அந்தப் பழக்கத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியும் சற்று அடங்கியது. சாலை ஓரம் நடந்தவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை.

இது சிறிய சோதனை. வந்தவர்கள் மனநோயாளிகளும் அல்ல. அதை மறக்கக் கூடாது. ஆனாலும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வருவதைவிட, ஏரிக்கரையைச் சுற்றி வருவது மேல் என்பதற்கு இது நல்ல சான்று.

"போய் நடந்துவிட்டு வா!"

இனி அந்தத் தவறுக்கு வருவோம்.

வீட்டில் ஒருவர் கவலையில் மூழ்கினால், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்? "எல்லாம் உன் மனப்பிரமை. போய் நடந்துவிட்டு வா. சரியாகிவிடும்." இப்படிச் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இது வைத்தியம் அல்ல. விரட்டுவது!

தனியாக நடப்பது உடம்புக்கு நல்லது. வாரத்துக்கு 150 நிமிடமாவது சுறுசுறுப்பாக நடப்பது போன்ற உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. மனதுக்கும் அதனால் நன்மை உண்டு. ஆனால் ஆழமான துயரத்தில் இருப்பவர் தனியாக நடந்தால், அந்தத் துயரமும் கூடவே நடக்கும். மாலருக்கு உதவியது கால் மட்டும் அல்ல. பக்கத்தில் நடந்த காதும் உதவியது. அது பயிற்சி பெற்ற காது.

நடை, வாயைத் திறக்கும். வைத்தியம் செய்வது, கேட்கத் தெரிந்தவர். இரண்டும் சேர வேண்டும்.

ஆகவே, நடந்து பேச அழைப்பவர் என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார் என்று கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. எலும்பு முறிந்தால் யாரிடமும் காலை நீட்டுவது இல்லையே!

எல்லோருக்கும் இந்த முறை ஏற்றதும் அல்ல. காதில் இல்லாத குரல் கேட்பவர், சாவைப் பற்றியே நினைப்பவர், இவர்களை உலாவ அழைத்துப் போய்க் காலம் கடத்தக் கூடாது. உடனே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். இருதய நோயும் மூட்டு வலியும் உள்ளவர்கள், எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாலு பேர் பார்த்தால்?

"வெளியே பேசினால் நாலு பேர் காதில் விழுமே!" என்று சிலர் பயப்படுவார்கள். நியாயமான பயம்தான். ஆனால் மனநல டாக்டர் வீட்டுப் படியில் ஏறினால் ஊரே பார்க்கிறது. இரண்டு பேர் மரத்தடியில் நடந்தால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

கூட்டம் இல்லாத பாதையும் நேரமும் முன்பே முடிவு செய்ய வேண்டும். தெரிந்தவர் எதிரே வந்தால் என்ன சொல்வது என்றும் பேசி வைக்க வேண்டும். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது வைத்தியம் செய்பவரின் கடமை. 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம் அதை நோயாளியின் உரிமை என்றே சொல்கிறது.

அவளுக்கும் ஒரு மணி நேரம்

காலையில் பூங்காவில் நடப்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். அந்த நேரத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். மாமியாருக்கு மருந்து கொடுக்க வேண்டும். அடுப்படியில் நிற்பவளின் கவலையைக் கேட்க யாருக்கும் நேரம் இல்லை.

அவளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குவது குடும்பத்தின் கடமை. அன்று ஒரு வேளை கணவன் சோறு வடித்தால் குடி முழுகாது!

செலவுக்குப் பயப்பட வேண்டாம். மனக்கவலைக்கு ஆலோசனை சொல்ல, 2022-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு டெலி மானஸ் என்ற இலவச போன் வசதியைத் தொடங்கியது. எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழில் பேசலாம். செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் மெல்ல நடந்தபடியும் பேசலாம்.

அரசு ஆஸ்பத்திரிகளும் இதில் முன்வர வேண்டும். பல ஆஸ்பத்திரி வளாகங்களில் பெரிய மரங்கள் நிற்கின்றன. அவற்றின் நிழலில் இன்று ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. அங்கே ஒரு நடைபாதை போட அதிகப் பணம் ஆகாது. மனநலப் பிரிவு டாக்டர், விரும்புகிறவரோடு அதில் அரை மணி நேரம் நடக்கலாம்.

உடம்பு சரியில்லை என்றால் உடனே டாக்டரிடம் ஓடுகிறோம். மனம் சரியில்லை என்றால் ஒளிந்துகொள்கிறோம். ஒளிய வேண்டாம். வெளியே வரலாம். துணைக்கு ஒரு நல்ல காது வேண்டும். அவ்வளவுதான்!